கறுத்தத் தேசிக்காய்

குவைத்
14.02.1982

786

அன்புள்ள றாபியா ராத்தாவுக்கு, தங்கச்சி சுபைறா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அபூசாலி மச்சானும் என் மகள் நதீராவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடி இருக்கிறேன். மச்சானின் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

இங்கே நல்ல குளிர். நம் ஊர் மார்கழியெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். வீட்டுக்காரி கெட்டவள் இல்லை, வாய்தான் ஓயாது. அவள் கதைப்பது எனக்கு விளங்காததால் ஏச்சு முழுக்க வீணாய்ப் போகிறது. அவளுக்கு நதீராவின் வயதில் ஒரு மகன், பெயர் பதர். எதைக் கொடுத்தாலும் துப்புவான். ஒரே ஒரு சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறப்பான். அதைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன்.

மச்பூஸ் என்கிறார்கள். கறி ஆணம் வேறு சோறு வேறு என்று இல்லை, எல்லாம் ஒரே சட்டி. வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, கோழியைப் போட்டுப் பிரட்டி, கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, மிளகு, மஞ்சள் போட்டுத் தண்ணீர் விட்டு அவிக்க வேண்டும். கோழி அவிந்த அதே தண்ணீரில் அரிசியைப் போட்டு மூடி, நெருப்பைக் குறைத்துவிட்டால் வேலை முடிந்தது. உறைப்பு இல்லை. நம் பிள்ளைக்கும் பிடிக்கும். செய்து கொடுத்துப் பாருங்கள் ராத்தா. நான் வெளிக்கிட்ட அன்று அவள் வாயில் வைத்த சோற்றை விழுங்கவேயில்லை. அந்தக் கன்னம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சூறாவளி கொண்டுபோன வீட்டை எழுப்பிவிட்டால் போதும், ஒரு நாள்கூட இங்கே இருக்கமாட்டேன். வாப்பாவையும் அந்தக் கடலே கொண்டுபோன பிள்ளை அவள். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவன். வர ஒரு வாசல் வேண்டாமா? உங்கள் வளவுக்குப் பின்னால் அந்த வாசலை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாலும் பரவாயில்லை.

என் மகளுக்கு முத்தம். மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் தங்கச்சி
சுபைறா


சாய்ந்தமருது
30.03.1982

அன்புத் தங்கச்சிக்கு ராத்தாவின் ஸலாம்.

நீ சுகம் என்று அறிந்து மனம் ஆறியது. இங்கே நாங்களும் சுகம். மச்சான் கால் வற்றி மறுபடி கடைக்குப் போய்வருகிறார்.

பிள்ளையைப் பற்றி ஒளித்து எழுத எனக்குத் தெரியாது. நதீரா சாப்பிடுகிறாள் இல்லை. சோற்றைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு கேற்றடியில் போய் நிற்பாள். கல்முனைப் பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். "உம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். "வூடு கட்டி முடிய வருவா மனே" என்று சொன்னது என் பிழை. அன்றிலிருந்து மணலில் வீடு கட்டிக் கட்டி, ஓடி வந்து "கட்டி முடிஞ்சி" என்கிறாள்.

உன் சட்டிச் சோறு ஆக்கினேன். நம் சம்பா அரிசி அந்தத் தண்ணீரைக் கண்டதும் குழைந்து போனது. ஊர்க்கோழியோ இறப்பர் மாதிரிக் கிடந்தது. உன் குவைத்துக் கோழி எந்தக் கோழியோ, இங்கே முட்டையிட்டு முடிந்த கிழட்டுக் கோழிதான் கைக்கு வருகிறது. மச்சான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது? நோம்புக்கு முந்தியே கஞ்சி காய்ச்சிட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்த மனிசன் முழுவதையும் சாப்பிட்டார். நதீரா தொடவில்லை.

உடம்பு மெலிந்துவிட்டது. போன பெருநாள் சட்டை தோளில் நிற்கவில்லை. நீ கவலைப்படாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுத வரவில்லை.

துஆவுடன்
றாபியா


குவைத்
02.05.1982

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்துக்கு அதைவிட அதிகமாகத் துஆச் செய்கிறேன்.

கடிதத்தைக் குளியலறையில் வைத்து வாசித்தேன். அங்கேதான் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. வெளியே வந்தால் பதர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். என் கையால் ஊட்டினால்தான் தின்பான். அவன் வாய்க்கு ஒரு கவளம் வைக்கும்போதெல்லாம் நதீரா கன்னத்தில் அடக்கிய சோற்றைத்தான் எண்ணுகிறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வேறுதான், ஆனால் பிள்ளையின் வயிறு காய்ந்தால் தாயின் வாயில் உமிழ்நீர்கூட இறங்குகிறதில்லை ராத்தா.

ஊர்க்கோழியை முதலில் தனியாக நன்றாக அவித்து வெளியே எடுத்து வையுங்கள். சம்பாவுக்குத் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். சோறு முக்கால் வெந்ததும் கோழியை மேலே அடுக்கி மூடுங்கள். பிழைக்காது.

இன்னொன்று. இந்தச் சட்டிக்கு உயிரே ஒரு சாமான்தான். லூமி என்று பெயர். நாம் புளிக்குப் பிழிகிற அதே தேசிக்காயை உப்புத் தண்ணீரில் அவித்து வெயிலில் காயவைப்பது. கறுத்துக் கல்லு மாதிரி இருக்கும், ஆட்டினால் உள்ளே கலகலக்கும். பழுதாய்ப் போனது என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டை போட்டுச் சட்டியில் போட்டால் புளிப்பும் மணமும் இறங்கி, நோயாளியும் எழும்பிச் சாப்பிடுவான். நம் பள்ளிவாசல் வீதி அபுல் ஹஸன் காக்கா இங்கே சாரதி வேலை செய்கிறார். அவர் ஊருக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

மகளிடம் சொல்லுங்கள், உம்மா மணல் வீட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டா என்று.

சுபைறா


சாய்ந்தமருது
28.07.1982

அன்புத் தங்கச்சி, பெருநாள் ஸலாம். உனக்கும் நோன்பு நல்லபடி கழிந்திருக்கும் என்று நம்புகிறோம். நாங்கள் மூவரும் சுகம்.

ஒரு நல்ல செய்தி. பிள்ளை சாப்பிட்டாள்!

பெருநாளன்று உன் சட்டிச் சோற்றை மறுபடி தொட்டேன். நீ எழுதியபடி பாதி, என் எண்ணத்தில் பாதி. கோழியை முதலில் அவித்து எடுத்தேன். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய்ப்பால் கலந்து, மணத்துக்கு ரம்பை இலைத் துண்டு போட்டுச் சம்பாவைக் கொட்டினேன். மூடிக்கு மேலே தணல் அள்ளி வைத்தேன். இறக்கியபின் தேசிப்புளி பிழிந்துவிட்டேன். மச்சான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

சட்டியின் அடியில் பொருக்குப் பிடித்துவிட்டது. பழுதாய்ப் போனதே என்று சுரண்டிக்கொண்டிருந்தேன். நதீரா பக்கத்தில் வந்து குந்தினாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். "மொறுமொறுண்டு இரிக்கி" என்றாள். பிறகு என் மடியில் ஏறியிருந்து, "இன்னும் தாங்க" என்றாள். பொருக்கோடு சோற்றை உருட்டி உருட்டிக் கொடுத்தேன், எல்லாம் உள்ளே போனது. கன்னத்தில் ஒன்றும் அடக்கவில்லை. மச்சான் கையைக் கழுவாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கோழி கிடைக்கும் நாளெல்லாம் அதுதான். கோழி இல்லாத நாளில் பொருக்கு மட்டுமாவது வேண்டுமாம்.

வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. மேசன் கனகரெத்தினம் காரைதீவிலிருந்து வந்து செய்கிறார். நல்ல வேலை.

றாபியா ராத்தா


குவைத்
22.08.1982

என் அருமை ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கைக்கு நான் எத்தனை முத்தம் கொடுத்தாலும் காணாது. கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் நின்று சிரித்தேன், அழுதேன். வீட்டுக்காரி எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று எண்ணித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த வீட்டில் அவள் எனக்குக் கொடுத்த முதல் தண்ணீர்.

இங்கே பொருக்கைக் குப்பையில் போடுவார்கள். இப்போது நான் போடுவதில்லை. சட்டி கழுவுமுன் எடுத்துத் தின்கிறேன். நதீரா தின்பதை நானும் தின்கிறேன் என்று ஒரு எண்ணம்.

அபுல் ஹஸன் காக்கா அடுத்த மாதம் வருகிறார். மகளுக்குச் சட்டையும் பால்மாவும், உங்களுக்குச் சாரியும், ஒரு பை லூமியும் கொடுத்துவிடுகிறேன். லூமியைக் கட்டாயம் போடுங்கள். தேசிப்புளி பரவாயில்லை, ஆனால் இதன் மணமே வேறு. அதன் மணத்தில் என் கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே இல்லாவிட்டாலும் அந்தச் சட்டியில் நானும் கொஞ்சம் கிடக்க வேண்டும்.

ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அவள் என்னைக் கேட்கிறாளா? இப்போதும் கேற்றடியில் நிற்கிறாளா? நிற்காவிட்டால் நல்லதுதான். ஆனாலும் எழுதுங்கள்.

சுபைறா


சாய்ந்தமருது
30.11.1982

அன்புத் தங்கச்சி சுபைறாவுக்கு, அல்லாஹ்வின் காவல் உனக்கு உண்டாகட்டும்.

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. பார்சல் வந்த அன்று பின்னேரமே பிள்ளைக்குக் காய்ச்சல். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. கண்ணைச் செருகிக்கொண்டு பிதற்றினாள். ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தோம், லெப்பையிடம் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். பக்கத்து வளவுச் சபியா உம்மா இரவு பகல் கூட இருந்தா. அவ சொன்னபடியும் செய்ய வேண்டியதைச் செய்தோம். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் விட்டது. இப்போது நல்ல சுகம், ஓடித் திரிகிறாள்.

சட்டை கொஞ்சம் பெரிது, அடுத்த வருடமும் போடலாம். சாரி நல்ல சாரி. மற்றச் சாமானும் வந்து சேர்ந்தது.

மழை விடாமல் பெய்கிறது. சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. படம் இத்துடன் வருகிறது. கல்முனை ஸ்டூடியோவில் எடுத்தது. பயந்து அழுதாள், அதனால் நான் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

றாபியா


குவைத்
09.01.1983

அன்பு ராத்தா, ஸலாம். காய்ச்சல் என்று வாசித்ததும் பாயை விரித்துத் தொழுதேன். அல்லாஹ் காப்பாற்றினான். உங்களையும் மச்சானையும் சபியா உம்மாவையும் அவன் காப்பாற்றட்டும்.

படம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. வளர்ந்துவிட்டாள். மூக்கு அவள் வாப்பாவின் மூக்கு. உங்கள் சாரித் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருக்கிறாள். சின்னக் கை, ஆனால் பிடி என்ன பிடி! நான் வெளிக்கிட்ட அன்று என்னுடைய தலைப்பையும் அப்படித்தான் பிடித்தாள். நீங்கள்தானே ஒவ்வொரு விரலாய்க் கழற்றினீர்கள்.

கேட்டதற்குப் பதில் இல்லையே ராத்தா. லூமி போட்டீர்களா? பிள்ளை அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டாளா? உம்மா என்று சொல்கிறாளா? இவ்வளவுதான் என் கேள்வி. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், இதை மட்டும் எழுதுங்கள்.

சுபைறா


சாய்ந்தமருது
15.05.1983

அன்புத் தங்கச்சிக்கு, நலமும் பொறுமையும் உனக்குக் கிடைக்க வேண்டுகிறேன்.

போட்டேன். நல்லாத்தான் இருந்தது.

பிள்ளை குர்ஆன் மதரசாவுக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். அலிஃப் பே எல்லாம் சொல்வாள். உம்மா என்று வாய் நிறையச் சொல்கிறாள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

கூரைக்கு மரம் அறுத்தாயிற்று. மச்சான் கடையை மூடிவிட்டு மேசனோடு நின்று பார்க்கிறார். வெயில் கடுமை. உடம்பைப் பார்த்துக்கொள்.

றாபியா


குவைத்
11.12.1983

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆடி மாதக் கலவரத்தோடு தபாலும் நின்றுபோனது. ரேடியோவில் நம் நாட்டின் பெயர் வரும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்க் காதைக் கொடுத்தேன். நீங்கள் சுகம் என்று அபுல் ஹஸன் காக்கா சொன்னபிறகுதான் மூச்சு வந்தது.

மாசியில் வருகிறேன் ராத்தா! ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரி மறுபடி வரச் சொல்லிக் காலில் விழாத குறை. பதர் என் பெட்டியின் மேல் ஏறியிருந்து இறங்கமாட்டேன் என்கிறான். நான் மனதைக் கல்லாக்கிவிட்டேன். வீட்டுக்குக் கதவு இல்லாவிட்டால் சாக்கைத் தொங்கவிட்டுப் படுப்போம், நானும் என் மகளும்.

நீங்கள் இவ்வளவு காலம் அடுப்பில் வெந்தது போதும். வந்த வெள்ளிக்கிழமையே நான் ஆக்குகிறேன். உங்களையும் மச்சானையும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருத்தி, என் கையால் பரிமாறுவேன். இரண்டு பை லூமி வாங்கிவிட்டேன். நாலைந்து வருசத்துக்குக் காணும்.

மகளிடம் சொல்லுங்கள், வீடு கட்டி முடிந்தது என்று.

சுபைறா


குவைத்
20.05.1984

ராத்தாவுக்கு, ஸலாம். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள்.

விமான நிலையத்திலிருந்து நேரே பழைய வீட்டுக்கே வந்தேன். பதர் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை செய்யாததை நீ ஏன்டா செய்கிறாய் என்று.

ஊரில் உங்கள் முகத்துக்கு முன் கேட்க முடியாததை இங்கேயிருந்து எழுதுகிறேன். முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முதல் நாள் நதீரா உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். புதுமுகம் என்று பொறுத்தேன். இரவு பக்கத்தில் படுக்க வைத்தேன், எழும்பி உங்கள் பாய்க்குப் போனாள். அதையும் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை ஆக்கினேன். மணம் வீதிவரைக்கும் போனது, மச்சான் ஜும்ஆ முடிந்து ஓட்டமாய் வந்தார். பிள்ளையும் தானாக வந்து சஹனடியில் குந்தினாள். முதல் கவளத்தை உருட்டினேன். அப்போதுதான் சோற்றுக்குள் கிடந்த லூமியைக் கண்டாள்.

அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் நிற்கிறது. "செய்வினத் தேசிக்கா! கறுத்தத் தேசிக்கா! உம்மா! உம்மா, வாங்க!" என்று கத்தினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நான்தானே மனே உன்ட உம்மா" என்று கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டு உங்கள் இடுப்பில் ஏறினாள்.

வேலிக்கு மேலால் சபியா உம்மாதான் எல்லாம் சொன்னா. "அண்டைக்குக் கடல்ல கொண்டுபோய்ப் போட்டமே கா, மறுகா எப்படி வந்திச்சி?" என்று கேட்டா. பார்சல் வந்த அன்று காய்ச்சல் வந்ததாம். வழியில் யாரோ ஓதிக் கட்டிய தேசிக்காய் என்று அவ சொன்னாவாம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் அவள் கண் முன்னாலேயே அந்த லூமிப் பையை அலையில் எறிந்தீர்களாம். அதோடு காய்ச்சலும் விட்டதாம்.

சபியா உம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கறுத்துக் கல்லு மாதிரி இருக்கும், பழுது என்று எண்ணாதீர்கள் என்று நான் எழுதியிருந்தேனே. பிள்ளை கண்ணைச் செருகிக் கிடக்கும்போது யாருக்கும் புத்தி மாறும், அதை விட்டுவிடுகிறேன். பிறகு? சுகமானபின் பிள்ளையிடம் அது உன் உம்மா அனுப்பியது, அதில் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "போட்டேன், நல்லாத்தான் இருந்தது" என்று எனக்கு எழுதினீர்கள். அந்த ஒரு வரியை நான் எத்தனை நாள் பெட்டிக்குள் வைத்து வைத்து வாசித்தேன் தெரியுமா?

அன்று நான் ஆக்கியதைக் காகத்துக்குக் கொட்டினேன். நீங்கள் அடுப்பை மூட்டி உங்கள் சட்டியை ஏற்றினீர்கள். தேங்காய்ப்பால், ரம்பை, தேசிப்புளி. அவள் உங்கள் மடியிலிருந்து பொருக்கைக் கடித்தாள். எனக்கும் ஒரு பீங்கானில் வைத்தீர்கள். சாப்பிட்டேன். நல்ல ருசி ராத்தா, என்னுடையதை விட ருசி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழுதாய் இருந்திருந்தால் அங்கேயே நின்று உங்களோடு சண்டை பிடித்திருப்பேன்.

வீட்டுக்குக் கதவு போடக் காசு வேண்டும் என்று சாட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். கதவாவது கதவு! ஒரு பிள்ளைக்கு இரண்டு உம்மா ஒரு வளவுக்குள் இருக்க ஏலாது. என்னை ஏற்றிப்போக வான் வந்த அன்றுதான் அவள் என் முன்னால் முதன்முதல் சிரித்தாள்.

நான் நின்ற காலமெல்லாம் அவள் என்னை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "அவ" என்றாள். "அவக்குத் தண்ணி வேணுமாம்" என்றாள். ஏதாவது சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? உம்மாவின் தங்கச்சியைச் சாச்சி என்பதுதானே நம் முறை. சாச்சி என்றே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அதுதான் சரி என்று பட்டால்.

சுபைறா


குவைத்
14.10.1984

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதுவது வழக்கம். அதனால் எழுதுகிறேன். மச்சானின் கால் எப்படி? மழை தொடங்கிவிட்டதா?

நோன்பு போனது, இரண்டு பெருநாளும் போனது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அபுல் ஹஸன் காக்காவிடம் கேட்டேன். எல்லோரும் சுகம், மகள் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி என்றார். அவர் வாயால் கேட்டதற்கே அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

போன கடிதத்தில் மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது. என் வாய் உங்களுக்குத் தெரியாததா? சின்ன வயதில் நான் இப்படி ஏதாவது கதைத்தால், "என்ன விசர்க் கதை கதைக்காய்?" என்று மண்டையில் ஒரு குட்டு வைப்பீர்கள். அந்தக் குட்டைத்தான் இத்தனை மாதமாய் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாச்சி என்று எழுதினேனே, அந்த இடத்தில் நீங்கள் குட்டுவீர்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.

ராத்தா, பிள்ளை உங்களிடமே வளரட்டும். உங்கள் சட்டியிலேயே சாப்பிடட்டும். அவளை உயிரோடு வைத்திருப்பது உங்கள் கை, அதை நான் மறக்கவில்லை. உங்களுக்கு அல்லாஹ் ஒரு பிள்ளையைத் தரவில்லை, அதற்காக நான் எத்தனை இரவு கேட்டு அழுதேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிள்ளையைத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பெயரை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். எங்கோ ஒரு தூரத்தில் உம்மா என்று ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு குட்டு. ஒரு வரி.

சுபைறா


சாய்ந்தமருது
17.02.1985

786

அன்புள்ள சாச்சிக்கு, நதீரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உம்மாவும் வாப்பாவும் சுகம். நீங்கள் சுகமா? நான் இப்போது இரண்டாம் வகுப்பு. என் எழுத்து வடிவு என்று ஜெமீலா டீச்சர் சொன்னா. இது நான் எழுதும் முதல் கடிதம்.

நீங்கள் அனுப்பிய சட்டை இப்போது எனக்கு அளவு. உங்கள் புது வீட்டுக்குக் கதவு போட்டாயிற்று. பச்சை நிறம். வாப்பா அதற்குள் நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். நானும் கூட்டாளிகளும் அங்கே ஒளித்துப் பிடித்து விளையாடுவோம்.

நேற்று உம்மா கோழிச் சட்டிச் சோறு ஆக்கினா. பொருக்கு முழுவதும் எனக்குத்தான். சாச்சிக்கும் இது விருப்பம் என்று வாப்பா சொன்னார். நீங்கள் வந்தால் கொஞ்சம் தருவேன்.

சாச்சி, நீங்கள் வரும்போது எனக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை கொண்டு வாருங்கள். அந்தக் கறுத்தத் தேசிக்காய் கொண்டு வர வேண்டாம். எனக்குப் பயம்.

உம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். பாதியில் உம்மா அடுப்படிக்குப் போய்விட்டா. கூப்பிட்டேன், வரவில்லை. அதனால் மற்றதை நானே எழுதினேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு
உங்கள் ராத்தாவின் மகள்
நதீரா